கார்டு சவுரியம்மாள்

சவுரியம்மாள் ஆடிய ஆட்டங்களில் அவள் பெயருக்கு நேராக ஒரு பாயிண்டுகூட ஏறியதில்லை. ஏறவும் வழியில்லை. அந்தக் காலத்தில் பெண்களின் பாஸ்கட்பாலுக்கு விதி தனி. பக்கத்துக்கு ஆறு பேர். மைதானத்தின் நடுவே ஒரு சுண்ணாம்புக் கோடு. மூன்று பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூடையில் பந்து போடுவார்கள், அவர்கள் ஃபார்வர்டு. மூன்று பேர் இந்தப் பக்கம் நின்று எதிரணியைப் போடவிடாமல் தடுப்பார்கள், அவர்கள் கார்டு. கார்டு கோட்டைத் தாண்டக்கூடாது. கூடையைப் பார்த்து எறியவும் கூடாது. பந்து கையில் வந்தால் கோட்டுக்கு அப்பால் நிற்பவளிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

"நான் டீம்ல கார்டுப்பா" என்று அவள் ஊருக்கு வந்தபோது சொன்னதற்கு, அவள் அப்பா இருதயம், "கார்டா? பச்சைக் கொடி காட்டிக்கினு கடைசிப் பொட்டியில போவியா?" என்று கேட்டார். வளவனூருக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகும் கூலிக்காரர் அவர். அவருக்குத் தெரிந்த கார்டு விழுப்புரம் ஜங்ஷனில் விசில் ஊதும் கார்டுதான்.

சவுரியம்மாள் அணிக்குள் வந்தது யுத்தத்தால். 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியானது. அங்கிருந்த பெண்கள் கல்லூரி ஒன்று, மேசை நாற்காலி புத்தகம் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் பின்கட்டில் குடியேறியது. பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

கல்லூரிக்கு ஒரு பாஸ்கட்பால் அணி உண்டு. அதன் ஃபார்வர்டுகள் மூவரும் வந்து சேர்ந்தார்கள். கார்டுகளில் இரண்டு பேர் குடும்பத்தோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். டிரில் டீச்சர் கெங்கம்மாள், வெள்ளைப் புடவையும் கழுத்தில் விசிலுமாக நடமாடுகிற விதவை, இரண்டு கார்டுகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது பள்ளி வளாகத்தில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிப் பள்ளிப் பெண்கள் வரிசையாக நின்று மண் கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் ஒருத்தி, கூடை வருவதையும் பார்க்காமல், கொடுப்பதையும் பார்க்காமல், பக்கத்திலிருப்பவளோடு பேசியபடியே வாங்கி வாங்கிக் கொடுத்தாள். ஒரு கூடைகூடச் சிந்தவில்லை. கெங்கம்மாள் கால் மணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய் அவளையும், அவள் பேசிக்கொண்டிருந்த லூர்துமேரியையும் கூட்டிக்கொண்டு பயிற்சிப் பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரீ மதரிடம் போனாள். சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் மட்டும் என்று மதர் சம்மதித்தார்.

அணியின் கேப்டன் அம்சவள்ளி. பட்டணத்து வக்கீலின் மகள். கூடைக்குக் கீழே அவள் கையில் பந்து கிடைத்துவிட்டால் அது கூடைக்குள் விழுந்த மாதிரிதான். இரண்டாவது ஃபார்வர்டு பூமாலை. இந்த இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரோடு உட்காருவது என்பதில் தொடங்கிய சண்டை. ஆட்டத்திலும் அது தெரிந்தது. ஒருத்தி பந்தை இன்னொருத்திக்குத் தரமாட்டாள்.

சவுரியம்மாள் இதை இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். இங்கிருந்து பந்தை அனுப்புவது அவள்தானே. ஒருமுறை அம்சவள்ளிக்குக் கொடுத்தால் அடுத்தமுறை பூமாலைக்குக் கொடுத்தாள். பூமாலை இரண்டு முறை தவறவிட்டால் மூன்றாவது முறையும் அவளுக்கே கொடுத்து, அவள் முகம் தெளிந்த பிறகு அம்சவள்ளி பக்கம் திரும்பினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கிறதென்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடிப்பதும், தோல் வாரை ஊசியால் இழுத்துக் கட்டுவதும் அவளும் லூர்துமேரியும்தான். மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருபவளுக்குக் கெங்கம்மாளிடம் சமாதானம் சொல்லி ஓய்வு வாங்கித் தருவதும் அவள்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் தங்கள் கூஜாத் தண்ணீரைக் குடிப்பார்கள். இந்த இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போவார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஆடி மாதம் விழுப்புரத்தில் முதல் போட்டி. எதிரணி ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியப் பெண்கள். அவர்களில் டோரீன் என்ற என்ஜின் டிரைவர் மகள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். முட்டிவரை கவுன், காலில் கேன்வாஸ் ஷூ. திண்டிவனத்துப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினார்கள். டோரீனைத் தடுக்க வேண்டியவள் சவுரியம்மாள். இருபத்து மூன்றுக்கு எட்டு என்று தோற்றார்கள். டோரீன் மட்டும் பதினாறு. சவுரியம்மாளின் இடது கட்டைவிரல் நகம் ஷூவுக்கடியில் போய்விட்டது. திரும்புகிற ரயிலில் யாரும் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவள் டோரீனையே நினைத்துக்கொண்டு பயிற்சி எடுத்தாள். வலது மூலையிலிருந்துதான் டோரீன் எறிவாள். எறிவதற்கு முன்னால் ஒருமுறை தோளைக் குலுக்குவாள். எம்பிக் குதித்தால் இடது கால்தான் முதலில் தரையைத் தொடும். லூர்துமேரியை டோரீனாக நிற்கவைத்து, குதி குதி என்று சொல்லித் தடுத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கால் கழண்டு போவுதுடி. அவ ஒருத்திதான் ஒலகத்துல ஆடறாளா?" என்பாள் லூர்துமேரி.

"நமக்கு அவ ஒருத்திதான்."

தை மாதம் யுத்த நிதிக்காக ஒரு கோப்பை வைத்து இரண்டாவது போட்டி ஏற்பாடாயிற்று. மறுபடியும் விழுப்புரம் காலனி மைதானம்தான். ஸ்டேஷனின் பெண்கள் வெயிட்டிங் ரூமில் புடவையைச் செருகிக்கொண்டிருந்தபோது அம்சவள்ளி அவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சவுரி, அந்த டோரீனை இன்னைக்கு நிறுத்தியே ஆகணும்."

"நிறுத்தறேன்க்கா."

"எப்படியாவது நிறுத்து. எப்படின்னு நான் கேக்கமாட்டேன்."

சவுரியம்மாள் தலையை ஆட்டினாள்.

முதல் பாதியில் டோரீனால் இரண்டு முறைக்கு மேல் கூடையில் போட முடியவில்லை. சவுரியம்மாள் அவளுக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு, அவள் தோள் குலுங்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு எழும்பினாள். ஆனால் மற்ற இரண்டு காலனிப் பெண்களும் புள்ளி சேர்த்தார்கள். இரண்டாவது பாதியில் சவுரியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. டோரீன் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டாள். காலனி பதினொன்று, திண்டிவனம் ஒன்பது. ஆட்டம் முடிய ஏழு நிமிஷம். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அம்சவள்ளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சவுரியம்மாளைப் பார்த்தாள்.

பந்து மறுபடி வலது மூலைக்கு வந்தது. டோரீன் தோளைக் குலுக்கிவிட்டு எம்பினாள். சவுரியம்மாள் எழும்பவில்லை. டோரீனின் இடது கால் எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் தன் காலைக் கொண்டுபோய் வைத்தாள்.

பந்து கூடைக்குள் விழுந்தது. நடுவர் உட்பட எல்லோர் கண்ணும் பந்தின்மேல்தான். பதிமூன்றுக்கு ஒன்பது. அதற்குள் டோரீன் தரையில் கிடந்தாள். முட்டி பக்கவாட்டில் மடங்கியிருந்தது. அவள் கத்தவில்லை, தரையைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பெஞ்சுப் பலகையில் வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர் விபத்து என்று விசில் ஊதினார்.

டோரீன் இல்லாத காலனி அணி திணறியது. அம்சவள்ளி இரண்டு கோல், பூமாலை ஒரு கோல். பதினைந்துக்குப் பதிமூன்று. கோப்பை திண்டிவனத்துக்கு. அம்சவள்ளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். கெங்கம்மாள் ஓடிவந்து சவுரியம்மாளின் முதுகில் தட்டி, "முதல் பாதி நீ நின்னியே, அதுதாம்மா இந்தக் கோப்பை" என்றாள். ஆறு மாதமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. சவுரியம்மாள் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

ரயிலில் பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. முண்டியம்பாக்கம் தாண்டியதும் லூர்துமேரி அவள் காதருகே வந்தாள்.

"நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

சவுரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா இனிமே என்னைக் குதிக்கச் சொல்லாத."

சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். விளையாட்டில் ஒரு பெண்ணை வேண்டுமென்றே காயப்படுத்தினேன் என்றாள். வலைத்தட்டிக்கு அப்பால் இருந்த சாமியார் விளையாட்டு என்றதும் சிரித்த மாதிரி இருந்தது. ஓடி ஆடுகிற இடத்தில் அடிபடுவது சகஜம், ஜெபமாலை உருட்டி ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லு என்றார். முழங்காலிட்டு முழுவதையும் சொன்னாள். எழுந்தபோது, முழங்காலிடவும் எழவும் தனக்கு முடிகிறது என்பதுதான் நினைவுக்கு வந்தது.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. காலனிப் பெண் இன்னும் நடக்கவில்லையாம் என்று கெங்கம்மாள் ஒருநாள் சொன்னாள். ஈஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது, விழுப்புரத்தில் இறங்கிய சவுரியம்மாள் வளவனூர் ரயிலுக்குக் காத்திருக்காமல் காலனிக்கு நடந்தாள்.

டோரீன் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். கால் மாவுக்கட்டோடு ஸ்டூல்மேல் நீண்டிருந்தது. சவுரியம்மாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைச் சவுரியம்மாள் எதிர்பார்க்கவில்லை.

"மம்மி, பாரு, யாரு வந்தது! இவதான் என்னைக் கோல் போட விடாதவ."

அம்மாக்காரி டீயும் ஒரு துண்டு கேக்கும் கொண்டுவந்தாள். காலனித் தமிழில் டோரீன் கடகடவென்று பேசினாள். மாசி மாதம் மிலிட்டரி நர்ஸ் வேலைக்குப் புறப்பட இருந்தாளாம். எல்லாம் முடிவாகிவிட்டதாம். இந்த முட்டி இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அந்த வேலை போய்விட்டதாம்.

"உங்க டீம்ல நீ ஒருத்திதான் வந்தது. உங்க கேப்டன் ஒரு லெட்டர்கூட போடல."

சவுரியம்மாள் டீயைக் கீழே வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றாள். "நீங்க எறங்கற எடத்துல நான்தான் காலை வெச்சேன்."

"தெரியும். உன் கால்மேலதான் விழுந்தேன்."

"தெரியாம வெக்கல. வேணும்னு வெச்சேன்."

உள்ளேயிருந்து வந்த அம்மாக்காரி சவுரியம்மாளின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"முதல் பாதி பூரா என்னை நிறுத்திக்கினு இருந்தியே" என்றாள் டோரீன். குரல் உயரவில்லை. "காலு வெக்காமலே நிறுத்தினியே. அப்புறம் எதுக்கு?"

வருகிற வழியெல்லாம் சவுரியம்மாள் யோசித்துவைத்த எந்தப் பதிலும் இந்தக் கேள்விக்கானது இல்லை.

"போ" என்றாள் டோரீன். "எழுந்து வந்து தள்ள முடியாது என்னால. நீயே போயிடு."

இரண்டு வாரத்தில் டோரீனின் அப்பா எழுதிய கடிதம் கல்லூரி பிரின்ஸிபாலுக்கு வந்தது. சவுரியம்மாளையும் அம்சவள்ளியையும் கூப்பிட்டார்கள். செய்தது உண்மைதான் என்றாள் சவுரியம்மாள். யாராவது செய்யச் சொன்னார்களா என்று பிரின்ஸிபால் கேட்டபோது அம்சவள்ளி தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள் சவுரியம்மாள்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள் கெங்கம்மாள். பிரின்ஸிபால் ஒப்பவில்லை. கோப்பையைத் திருப்பினால் கல்லூரிக்கே அவப்பெயர். அந்தப் பெண்ணை அணியிலிருந்து நீக்கியாயிற்று என்று எழுதினால் போதும். தவிர, அவள் நம் கல்லூரி மாணவியே இல்லையே.

"ஆடறப்ப நம்ம பொண்ணு, இப்ப இல்லீங்களா?" என்றாள் கெங்கம்மாள். அதற்கு மேல் பேச அவளுக்கும் தைரியமில்லை. அவளுக்கும் அந்த வேலைதான் சோறு.

சவுரியம்மாள் அணியை விட்டுப் போனதும் லூர்துமேரியும் தனக்குப் படிப்பு இருக்கிறது என்று நின்றுவிட்டாள். வேறு இரண்டு பேரைப் பிடித்து நிறுத்தி, ஆனி மாதம் கடலூரிலிருந்து வந்த அணியோடு ஒரு போட்டி ஆடினார்கள். சவுரியம்மாள் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தாள். புதிய கார்டு கையில் கிடைத்த பந்தையெல்லாம் அம்சவள்ளிக்கே எறிந்தாள். பத்து நிமிஷத்தில் பூமாலை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அம்சவள்ளி அவளைப் பார்த்துக் கத்த, அவள் மைதானத்தை விட்டே வெளியேறினாள். முப்பதுக்கு ஆறு. அதன்பின் அந்த அணி ஆடவில்லை.

மறுநாள் அம்சவள்ளி பயிற்சிப் பள்ளிப் பக்கம் வந்தாள். அவள் அங்கே வந்தது அதுவே முதல் தடவை.

"டீச்சர்கிட்ட நான் பேசறேன். நீ திரும்பி வந்துடு" என்றாள்.

"வேணாங்க்கா."

"நான் சொன்னதாலதானே நீ..." அவளால் முடிக்க முடியவில்லை. "பிரின்ஸிபால் கேட்டப்ப என் பேரைச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"நீங்க நிறுத்துன்னு சொன்னீங்க. நான் நிறுத்திக்கினுதான் இருந்தேன். அப்புறம் வெச்ச காலு என்னுது."

அம்சவள்ளி அழுதுகொண்டே போனாள். அடுத்த மாதம் குண்டு பயம் குறைந்து கல்லூரி பட்டணத்துக்குத் திரும்பியது. கோப்பையும் மூட்டைகளோடு போயிற்று.

சவுரியம்மாள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். ஆனால் சர்டிபிகேட்டில் நடத்தை என்ற இடத்தில், மற்றவர்களுக்கெல்லாம் 'நன்று' என்று எழுதிய மதர் அவளுக்குத் 'திருப்தி' என்று எழுதினார். திண்டிவனத்துப் பள்ளியில் லூர்துமேரிக்கு இடம் கிடைத்தது. சவுரியம்மாளுக்கு மயிலத்துக்கு அப்பால் ஓராசிரியர் பள்ளி ஒன்றுதான் கிடைத்தது. கேப்பைக் காட்டுக்கும் மல்லாட்டைக் காட்டுக்கும் நடுவில் ஒரு கூரைக் கொட்டகை. முப்பது பிள்ளைகள். அவள் குறை சொல்லவில்லை. நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள் என்று பேர் வாங்கினாள். பந்தைத் தொடவில்லை.

மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போவாள். விழுப்புரத்தில் இறங்கி வளவனூருக்கு டிக்கெட் வாங்க வேண்டும். 1945 முடிவில் ஒருநாள் பெண்கள் கவுண்டரில் குனிந்தபோது உள்ளே டோரீன் இருந்தாள். சவுரியம்மாள் வளவனூர் என்றாள். டோரீன் டிக்கெட்டை அச்சு மெஷினில் அழுத்தி, அவளைப் பார்க்காமலே தள்ளினாள். பின்னாலிருந்த அலமாரிக்குப் போக அவள் எழுந்தபோது இடது கால் விறைப்பாக இழுபட்டது.

வேறு யாரையாவது விட்டு டிக்கெட் வாங்கியிருக்கலாம். பஸ்ஸிலும் போயிருக்கலாம். சவுரியம்மாள் அந்தக் கவுண்டருக்கேதான் போனாள். ஒவ்வொரு மாதமும் "வளவனூர் ஒண்ணு" என்பாள். டோரீன் பேசாமல் தள்ளுவாள். இப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது.

1947 ஆகஸ்டு கழிந்து, ஜங்ஷன் முழுக்கப் புதுக்கொடித் தோரணங்கள் நைந்து தொங்கிக்கொண்டிருந்த சமயம். டோரீன் டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் நான் இருக்கமாட்டேன். நாங்க கப்பல்ல போறோம். இங்கிலாந்து."

நான்கு வருஷமாகச் சவுரியம்மாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றே வாயில் வந்தது.

"முட்டி எப்படி இருக்குது?"

"மழை வந்தா வலிக்கும்."

"அங்க மழை ஜாஸ்தின்னு சொல்றாங்களே."

டோரீனின் உதடு சிரிப்பதுபோல ஒரு பக்கம் இழுத்தது, சிரிப்பாக முடியவில்லை. "நீ ஆடறியா இன்னும்?"

"இல்ல. அன்னியோட விட்டுட்டேன்."

"ஏன்? உன் காலுக்கு என்ன?" என்றாள் டோரீன். இந்த முறை குரல் உயர்ந்தது. "என்னால முடியாது. உனக்கு முடியும். முடியறவ சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா எனக்கு என்ன கிடைச்சுது?"

பின்னால் நின்ற பெண்கள் ஜல்தி, ஜல்தி என்று நெருக்கினார்கள். வளவனூர் வண்டி மூன்றாவது பிளாட்பாரத்தில் வந்து நின்றுவிட்டது.

"உன்னை மன்னிச்சேன்னு சொல்லமாட்டேன்" என்றாள் டோரீன்.

"நான் அதைக் கேக்கலீங்க."

"தெரியும். மாசாமாசம் வந்து நின்னியே, அதைத்தான் பாத்துக்கினு இருந்தேன்." டிக்கெட்டைத் தள்ளினாள். "போ. வண்டி போயிடும்."

சவுரியம்மாள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்த பிறகும் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. அடுத்த மாதம் அந்தக் கவுண்டரில் கண்ணாடி போட்ட வேறொரு அம்மாள் இருந்தாள். சவுரியம்மாள் வளவனூர் ஒன்று என்றாள். அந்த அம்மாள், "சில்லறையா குடும்மா" என்றாள்.

அந்தத் தை மாதம் கொட்டகைக்கு எதிரே ஒரு பனங்கட்டையை நட்டு, உச்சியில் அடியில்லாத கூடை மாதிரி மூங்கில் வளையம் ஒன்றைக் கட்டினாள். பெண் பிள்ளைகளைப் பாஸ்கட்பால் ஆட வைக்கிறாளாம் டீச்சர் என்று ஊரில் இரண்டு பேர் வந்து முறையிட்டார்கள். சாயங்காலம் பள்ளி விட்டதும் எட்டுப் பெண்கள் நின்றார்கள். யாருக்கும் தடுக்கிற இடம் வேண்டாம். எல்லோருக்கும் கூடையில் போட வேண்டும். சவுரியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே போய்க் கூடைக்குக் கீழே தடுக்கிற இடத்தில் நின்றாள்.